வதனாவுக்கு நான் கட்டிய கணினி

உங்கள் கணினியைக் கம்பளத்தின் மேல் வைத்திருக்கிறீர்கள். அது நல்லதல்ல. கம்பளத்துத் தூசியைக் கீழிருந்து இழுத்து இழுத்து உள்ளே இருக்கும் விசிறி இருமத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்து வரும்போதே எனக்குக் கேட்டது. அடியில் ஒரு சின்னப் பலகை வைத்தால் போதும். நான் அடிக்கடி எழுந்து நடந்தால் குறையாக நினைக்காதீர்கள். ஒரு கதிரையில் தொடர்ந்து இருக்க எனக்குச் சிறு வயதிலிருந்தே வராது.

முதலில் இருந்து சொல்கிறேன், நளினி மேடம். என் மனைவி வதனா போட்ட மனு உங்கள் மேசையில் இருக்கிறது. விவாகரத்துக் கேட்கிறாள். எங்கள் மகள் மேனுஜா தன்னோடு இருக்க வேண்டும் என்றும் கேட்கிறாள். நீங்கள் என் வக்கீல். பிள்ளை என்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுத்தான் போன கிழமை இங்கே வந்தேன். அன்று நான் சொன்னது பாதி. மீதியையும் சொல்லிவிடலாம் என்று இன்று நேரம் குறிக்காமலே வந்துவிட்டேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பனியில் டொக்கியுமென்ட் கன்ட்ரோலர். வரைபடங்கள் வரும், திருத்தப்படும், மறுபடி வரும். புதிய தாள் வந்ததும் பழையதை எல்லோருடைய கையிலிருந்தும் பிடுங்கி எடுப்பதுதான் என் வேலை. பழைய தாள் ஒன்று தப்பித் தவறி சைட்டுக்குப் போய்விட்டால் கதவு வரவேண்டிய இடத்தில் சுவர் எழும்பிவிடும். எங்கள் எஞ்சினியர்களுக்கு என்னைக் கண்டால் சலிப்பு. ஆனாலும் எது பழையது, எது புதியது என்பதில் மட்டும் என்னோடு வாதாட மாட்டார்கள்.

வேலை போக மீதி நேரம் எல்லாம் கணினிதான். கடையில் செய்து விற்கும் கணினியை நான் தொடுவதில்லை. பாகம் பாகமாக வாங்கி நானே கட்டுவேன். நாங்கள் இருக்கும் ரோலாப் பகுதியில் எங்கள் ஊர்ச் சனத்தின் வீடுகளில் பிள்ளைகள் படிக்கிற, விளையாடுகிற கணினிகளில் பல நான் கட்டியவை. கட்டி முடித்தாலும் எனக்கு முடிந்த மாதிரி இராது. இதே பாகங்களை வைத்து இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் சூடில்லாமல் ஓட்டலாமே என்று கை துருதுருக்கும். மெமரியின் வேகத்தை ஒரு படி இறுக்கிப் பார்ப்பேன், விசிறியை ஒரு படி குறைத்துப் பார்ப்பேன். சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் சாப்பாட்டை ஆறவிட்டு அவர்களின் கணினிக்கு முன் குந்தியிருப்பேன்.

"நீங்கள் ஒரு கொம்பியூட்டரின்ரை மூடியைத் திருப்பிப் பூட்டினதை நான் ஒரு நாளும் காணேல்லை" என்று வதனா பகிடி பண்ணுவாள். அது உண்மைதான். எங்கள் வீட்டில் எந்தக் கணினிக்கும் பக்கக் கதவு கிடையாது.

வதனா யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞராக இருந்தவள். கலியாணம் முடித்து இங்கே வந்தபின் வேலைக்குப் போகவில்லை. போகவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அவளுடைய விசாவில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றும் ஸ்பொன்சர் என்ற இடத்தில் என் பெயரும் இருந்தன. "நீங்கள் என்ரை புருஷன் இல்லை, கபீல்" என்பாள். ஸ்பொன்சரை அரபியில் கபீல் என்பார்கள். கபீல் வேண்டாம் என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

மேனுஜா கொஞ்சம் வளர்ந்ததும் வதனா சும்மா இருக்கவில்லை. வீட்டில் இருந்தே ஏதேதோ புதிய மென்பொருள்கள் பழகினாள். துபாயில் வீடுகளின் உள் அலங்காரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அறையைக் கணினியில் வரைந்து, வெளிச்சமும் நிழலும் கொடுத்து, கட்டாத வீட்டை ஃபோட்டோ எடுத்தது போலக் காட்டும் வேலை. முதல் சில மாதங்கள் வீட்டில் இருந்து சோதனைக்காகச் செய்ய வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால் நிரந்தரம், கம்பனியே விசா கொடுக்கும்.

"இனி என்ரை விசா என்ரை பேரிலை" என்றாள் அன்றைக்கு. "பிள்ளையைக்கூட நானே ஸ்பொன்சர் பண்ணலாமாம். நீங்கள் இனி நிம்மதியாய் மூடியைக் கழட்டிக்கொண்டு இருங்கோ."

நான் அவளை வாழ்த்தினேன். பாயசம்கூட வைத்தோம். ஆனால் அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரோலா பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நானே, நானே என்று அவள் சொன்னது காதுக்குள் நின்றது.

அந்த வேலைக்கு நல்ல கணினி வேண்டும். கட்டிக் கொடுத்தது நான்தான். பர் துபாயில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, ஒரு பாகத்தைத் தொட்டுப் பார்த்து வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய், கடைக்காரர் ஒருவர் "பாய், கலாஸ், போதும், வாங்குறதுன்னா வாங்குங்க" என்று கும்பிடும் வரை அலைந்தேன். மதர்போர்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கட்டினேன். வயர்களை எல்லாம் பின்பக்கமாக ஓடவிட்டு, உள்ளே பார்த்தால் காற்று போகும் வழி மட்டும் தெரிகிற மாதிரிச் செய்தேன். ஓடும்போது சத்தமே இராது. அவள் ஒரு பெரிய மண்டபத்தை வரைந்து அதைப் படமாக்கக் கொடுத்தாள். தேத்தண்ணி ஆறுமுன் படம் வந்துவிட்டது. "வடிவாயிருக்கு" என்றாள் வதனா. படத்தைச் சொன்னாளா, கணினியைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

முதல் தடவை அது நின்றது என் பிழையால்தான். வேண்டுமென்று செய்யவில்லை. மெமரியை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தேன். ஜூலை வெயிலில் அறை சூடேறியதும் தாங்கவில்லை. என் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. "இஞ்சருங்கோ, இது நிண்டிட்டுது. நாளைக்குக் குடுக்க வேண்டிய படம். எனக்குப் பயமாக்கிடக்கு, கெதியா வாங்கோ." அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். நான் திருத்தி முடிக்கும்வரை வதனா என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். திரை மறுபடி வந்ததும் இரண்டு கைகளையும் என் தோளில் வைத்து நெற்றியை என் தலையில் முட்டினாள். எங்களுக்குக் கலியாணமான புதிதில் அப்படிச் செய்வாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மேடம். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

பிறகு அது ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடினால் என்னை யாருக்கும் தேவையில்லை. நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது, அதை நான் சத்தமில்லாமல் கட்டியிருந்தேன். துபாய் அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவள் மின்ஹா என்ற காயல்பட்டினத்துப் பெண். இரண்டு பேரும் ஹெட்ஃபோனில் கதைத்துக் கதைத்துச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் நான் மறுக்கமாட்டேன்.

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு பின்நேரம், கணினி எழும்புமுன் வரும் அமைப்புத் திரைக்குப் போய் மெமரிக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தேன். மிகக் கொஞ்சம். மின்னஞ்சல் பார்க்கலாம், வரையலாம், ஒன்றும் ஆகாது. பெரிய படம் ஒன்றை ஆக்கக் கொடுத்தால்தான், அதுவும் நடுவில் எங்கேயாவதுதான் தடுக்கும். ஒரு நாள் முழுப் படமும் வரும், மறு நாள் திரை கறுத்துவிடும். இந்த அளவைக் கண்டுபிடிக்க எனக்குப் பல நாட்கள் எடுத்தன. கூடக் குறைத்தால் கணினியே எழும்பாது, உடனே கடைக்குக் கொண்டுபோய்விடுவாள். குறைத்தது போதாவிட்டால் எதுவும் நடக்காது. நன்றாக ஓட வைப்பதைவிட இது கடினமான வேலை. அந்த நாட்களில்தான் எனக்குக் கொஞ்சம் அமைதி கிடைத்தது.

அவள் கூப்பிட்டாள். நான் போனேன். திருத்துவது போல ஏதாவது செய்து, இரண்டு நாள் நன்றாக ஓடவிட்டு, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஆனால் ஒன்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலைந்து தடவைக்குப் பிறகு தோளில் கை வைப்பதை அவள் விட்டுவிட்டாள். "உங்கடை வேலையையும் கெடுக்கிறன். மின்ஹாட்டைச் சொல்லி ஒப்பீஸ் லப்டொப் ஒண்டு எடுக்கப் போறன்" என்றாள். நான் கட்டியதை வைத்துவிட்டு ஒரு லப்டொப். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிழை கணினியில் இல்லை என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். அதற்கு என் தொழில் உதவியது. அவளுடைய வேலை எல்லாம் தினமும் இன்னொரு டிஸ்க்கில் தானாகப் பிரதி எடுக்கும்படி நான் முன்பே செய்து வைத்திருந்தேன், பாதுகாப்புக்காக. என் அலுவலகத்தில் இருந்தே அந்தக் கணினிக்குள் போக வழியும் இருந்தது, அதுவும் பாதுகாப்புக்காகத்தான். அவள் மத்தியானம் சமைக்கப் போகும்போது நான் என் மேசையில் இருந்துகொண்டு, அன்று காலை அவள் திருத்தி வைத்த வரைபடத்தை எடுத்துவிட்டு முந்திய நாள் பிரதியை அதே பெயரில் வைப்பேன். எல்லாவற்றையும் அல்ல. ஓர் அறையில் ஒரு கதவு. ஒரு குசினியில் ஜன்னலின் பக்கம்.

"நான் இந்தக் கதவை மாத்தினனான்" என்றாள் ஒரு நாள், திரையைப் பார்த்தபடியே. "என்ரை கையாலை மாத்தினனான். சேவ் பண்ணினனான். மின்ஹாவுக்கும் சொன்னனான்."

"சேவ் பண்ணினீரோ?"

"பண்ணினனான் எண்டுதான் நினைக்கிறன்."

நினைக்கிறேன் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வதனா எதையும் நினைக்கிறேன் என்று சொல்கிறவள் அல்ல.

அவளுடைய அம்மா சிவகொழுந்து மாமிக்கு மறதி நோய். வயது போகுமுன்பே தொடங்கிவிட்டது. அடுப்பை மறந்து, வீட்டு வழியை மறந்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்தார். தனக்கும் அது வரும் என்ற பயம் வதனாவுக்கு எப்போதும் உண்டு. சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால்கூட முகம் வெளிறிவிடும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தாள். நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, மேடம், கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அம்மாவுக்கும் உப்பிடித்தானே தொடங்கினது?"

அவள் எழுந்துவிட்டாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. நான் வெளியே அங்கும் இங்கும் நடந்தேன். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வெளியே வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். அந்த இரவு என்னைப் பிடித்த கையை விடாமல் தூங்கினாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் செய்துவிட்டு என்னை ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினாள். கதவை இடப்பக்கம் வைத்துவிட்டேன், நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பாள். பின்நேரம் கேட்கும்போது, அப்படி நீர் சொல்லவில்லையே என்பேன். ஓ, இது பொய்தான். முன்பு ஒரு பொய்யும் இல்லை என்றேன் அல்லவா, அது அந்த நாள் வரைக்கும்.

மின்ஹா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல பிள்ளை.

"அண்ணே, வதனா அக்கா நல்லா இருக்காங்களா? வேலை ரொம்ப நல்லா பண்ணுவாங்க, இப்ப அனுப்புறதெல்லாம் பழசா இருக்கு. கேட்டா அழுவுறாங்க. சிஸ்டம் சரியில்லையோன்னு நெனச்சேன். ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு குடுத்து விடவா?"

"சிஸ்டத்திலை ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி" என்றேன். "அது நான் கட்டினது. ஆளுக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை. தாய்க்கும் அப்பிடி ஒரு வருத்தம் இருக்கு. நான் சொன்னதெண்டு அவவிட்டைச் சொல்லாதையும், தாங்கமாட்டா."

மின்ஹா, "அல்லாஹ் காப்பாத்தணும்" என்றாள். சோதனைக் காலம் முடியுமுன் வேலையை மரியாதையாக முடித்துக்கொண்டார்கள். வதனாவுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. இவ்வளவு நாளும் பொறுத்தார்களே என்றாள்.

டொக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றதும் அவள் இன்னும் பயந்துவிட்டாள். அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்களாம். நித்திரைக் குளிசை தந்தார்கள். அவள் கணினிப் பக்கமே போவதை விட்டாள். சமைக்கும்போது உப்புப் போட்டேனா என்று மேனுஜாவிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பை அணைப்பாள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் பஸ்ஸுக்குக் கீழே போய் நிற்கவும் பயந்தாள், நேரத்தை மறந்துவிடுவேனோ என்று. நான் அலுவலகத்தில் கெஞ்சி நேரம் மாற்றிக்கொண்டு பிள்ளையை நானே கூட்டி வந்தேன். அந்த மாதங்களில் நான் நல்ல தகப்பனாக இருந்தேன், யாரையும் கேட்டுப் பாருங்கள்.

"கொஞ்ச நாள் ஊரிலை போய் நிண்டு ஆறிட்டு வாரும்" என்றேன். "மாமியையும் பாத்த மாதிரி இருக்கும். பிள்ளையின்ரை படிப்பைக் குழப்ப வேண்டாம், அவள் என்னோடை நிக்கட்டும்."

"நான் மேனுஜாவை மறந்திட்டன் எண்டால்?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு நாளும் வீடியோவிலை காட்டுறன்."

விமான நிலையத்தில் மேனுஜாவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் அதைப் பார்க்க முடியாமல் ட்ரொலிகளை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

அவள் போய்ச் சில மாதங்களுக்குப் பின் அவளுடைய விசாவை நான் ரத்துச் செய்தேன். ஃபோனிலேயே செய்யலாம். பரோட்டாவுக்குச் சொல்லிவிட்டு அது வருமுன் முடிந்துவிட்டது. நோயாளியை அங்கும் இங்கும் அலைக்கழிக்கக் கூடாது, அங்கே மாமியும் அவளும் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் யோசிப்பாள்.

இவ்வளவும் வெளியே வந்தது எப்படி என்று கேட்டீர்கள். என் பழக்கத்தால்தான். சும்மா கிடந்த அந்தக் கணினியை மேனுஜா கேட்டாள், அவளும் சிநேகிதிகளும் சேர்ந்து ஏதோ விளையாட. ஒரு தடவை விளையாட்டின் நடுவில் நின்றுவிட்டது. பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டாள். பிள்ளை பாவிக்கிற கணினி அப்படி ஓடலாமா? நான் கட்டியது என்று நாலு பிள்ளைகள் பார்க்கும் கணினி. உடனே வோல்டேஜைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். அதோடு நிற்க முடியவில்லை. விசிறிகளைத் துடைத்தேன், மெமரியை இன்னும் ஒரு படி வேகமாக்கினேன், தாங்குகிறதா என்று மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். கட்டிய நாளைவிட நன்றாக ஓடியது.

மேனுஜா அதை அம்மாவிடம் சொன்னாள். இங்கே வளர்ந்த பிள்ளைகள் கதைப்பது உங்களுக்குத் தெரியுந்தானே. "அம்மா, யுவர் பிசி இஸ் ஸோ ஸ்மூத் நௌ. அப்பா ஏதோ செய்தவர். ஒருக்காவும் க்ராஷ் ஆகேல்லை."

வீடியோத் திரையில் வதனா முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள். "அப்பாட்டை ஃபோனைக் குடு" என்றாள்.

"என்ன மாத்தினீங்கள்?" என்று கேட்டாள் என்னிடம்.

எத்தனை கணினி கட்டியிருப்பேன், மேடம். ஓடுகிறதா என்று கேட்பார்கள், எவ்வளவு முடிந்தது என்று கேட்பார்கள். என்ன மாற்றினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. வதனாவும் கேட்டதில்லை. நான் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கிவிட்டேன். மெமரிக்குப் போகிற வோல்டேஜ் முந்திக் குறைச்சு விட்டிருந்தனான், இப்ப சரியான இடத்துக்கு ஏத்திப்போட்டன், அதாலைதான் இப்பிடி ஓடுது என்று. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே விளங்கியது.

"முந்தி எண்டால்? நான் வேலை செய்யேக்கையோ?"

நான் கணினியின் பக்கம் பார்த்தேன்.

"அந்தக் கதவும் நீங்கள்தானா?"

நான் ஃபோனை வைத்திருக்கலாம். ஏனோ வைக்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு பக்கத்தில் கட்டிலில் இருந்த மாமியின் பக்கம் திரும்பினாள். மகள் யார் என்றே தெரியாத அந்த மனுஷியின் கன்னத்தைப் பிடித்து, "அம்மா, எனக்கு ஒண்டுமில்லையாம். கேட்டீங்களா, எனக்கு ஒண்டுமில்லை" என்றாள். மாமி எல்லாம் விளங்கியவர் போலத் தலையை ஆட்டினார்.

இங்கே வரப் பார்த்தபோதுதான் விசா இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய தம்பி கிருபன் துபாயில் இருக்கிறான். அவன் விசிட் விசா எடுத்துக் கூப்பிட்டான். வந்ததும் முதல் வேலையாக இந்த மனுவைப் போட்டாள். இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறாள். மின்ஹா அவளை மறுபடி கூப்பிட்டிருக்கிறாளாம்.

மனுவில் அவள் கணினியைப் பற்றி எழுதியதற்குப் பதில் சொல்லப் போன கிழமை நீங்கள் எனக்கு ஒரு வழி சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, உங்கள் மேல் பிழை இல்லை. "சார், நீங்க கம்ப்யூட்டர் படிச்சவர் கிடையாது, ஹாபிக்குத்தான் அசெம்பிள் பண்றீங்க. தெரியாம செட்டிங்ல தப்பு பண்ணிட்டீங்க, மெஷினே பழுது, அதனாலதான் ஃபைல் எல்லாம் போச்சு. அப்படிச் சொன்னா அவங்களால வேற எதையும் நிரூபிக்க முடியாது. பாப்பாவை உங்ககிட்டயே வச்சுக்க நல்ல சான்ஸ் இருக்கு" என்றீர்கள். அந்த நேரம் சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போனேன், இருக்க முடியவில்லை. படுத்தேன், எழுந்தேன், கார் பார்க்கிங்கில் நடந்தேன். ஒரு கிழமையாக இப்படித்தான்.

இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். இதை எல்லாம் சொன்னால் பாப்பா உங்களிடம் இருக்காது சார் என்கிறீர்கள். எனக்கும் விளங்குகிறது. மேனுஜா தாயோடு போக வேண்டி வந்தால் போகட்டும். வளர்ந்தபின் யோசித்துப் பார்க்கும்போது அப்பா உண்மையைச் சொன்னவர் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். வோல்டேஜைக் குறைத்தது நான். வரைபடங்களை மாற்றியது நான். மாமியின் நோயைச் சொல்லி அவளைப் பயப்படுத்தியது நான். வேலையைப் போக்கியதும், விசாவை வெட்டியதும் நான். எல்லாவற்றையும் எழுதுங்கள், ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து வைக்கிறேன். பழுது என்ற அந்தச் சொல்லுக்கு மட்டும் என்னால் கையெழுத்து வைக்க முடியாது. நான் கட்டியதிலேயே நல்ல கணினி அதுதான், மேடம். அதற்கு நான் ஒருநாளும் கெடுதல் நினைத்ததில்லை.